தவிட்டில் ஓர் ஆணி

ஜப்பானில், நீகாதாவில் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பூத்தில் காசு போட்டுப் பேசுவது போல இங்கே காசு போட்டு அரிசி தீட்டிக்கொள்ளலாம். பழுப்பு அரிசியைக் கொட்டி, 10 கிலோவுக்கு 100 யென் நாணயத்தைப் போட்டால், வெள்ளை அரிசி ஒரு பக்கம் விழும். தவிடு பின்பக்கத்துச் சிறு அறைக்குள் போய்க் குவியும். வேண்டியவர்கள் பையில் அள்ளிக்கொண்டு போகலாம், காசு கிடையாது.

எங்கள் ஊர் மில்லில் தவிட்டுக்காகச் சண்டையே நடக்கும். புண்ணாக்கோடும் கழுநீரோடும் கலந்து மாட்டுக்கு வைப்பதற்கு அவ்வளவு போட்டி. இங்கே கேட்பாரற்றுக் கிடந்த குவியலைப் பார்த்தபோது கை பரபரத்தது. மாடுதான் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் வழி சொன்னார். தவிட்டை உப்புநீரில் பிசைந்து, அதில் காய்களைப் புதைத்து ஊறுகாய் போடுவார்களாம். அதற்கு நுக்காஸுக்கே என்று பெயர். நுக்கா என்றால் தவிடு. ஒரு கிலோ தவிட்டுக்கு 130 கிராம் உப்பு, தவிட்டின் எடைக்கு ஏறக்குறைய சமமாகத் தண்ணீர், கொம்பு என்ற கடற்பாசி ஒரு துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். பிசைந்து முடித்தால் ஈரமான கடற்கரை மணல் பதம் வரவேண்டும். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் முட்டைக்கோஸின் வெளியிலைகளைப் புதைத்து, எடுத்து எறிய வேண்டும். தின்பதற்கு அல்ல, தவிட்டுக்குப் புளிப்பு பழக்குவதற்கு. எனக்குப் பொறுமை போதாது என்று முகத்திலேயே தெரிந்ததோ என்னவோ, தன் ஜாடியிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து என்னுடையதில் கலந்துவிட்டார். நம் வீடுகளில் உறைமோர் கேட்டு வாங்குவோமே, அதே கதைதான்.

என்னால் ஜீரணிக்க முடியாதது அதற்கு அடுத்தது. தினமும் வெறுங்கையை உள்ளே விட்டு அடிவரை கிளற வேண்டும். ஊறுகாய் ஜாடியை ஈரக் கையால் தொட்டதற்காக முதுகில் வாங்கியவன் நான்! பாட்டி விளக்கிய பிறகுதான் புரிந்தது. மேற்பரப்பில் காற்றை விரும்பும் ஈஸ்ட் ஏடு கட்டும். அடியில் காற்றே ஆகாத பாக்டீரியா சேர்ந்து நாற்றம் கிளப்பும். மேலது கீழே, கீழது மேலே என்று புரட்டிப் போட்டால் இரண்டும் அடங்கி, நடுவில் புளிப்பு தரும் லாக்டிக் பாக்டீரியா தழைக்கும்.

முதல் வெள்ளரிக்காய் உப்பு தேய்த்துக் காலையில் புதைத்தது, மாலையில் எடுத்துக் கழுவினேன். கடித்தால் நறுக்கென்றது. மோர் மிளகாயின் புளிப்பு, அதற்குப் பின்னால் புது வைக்கோல் போல ஒரு மணம். வெறும் சோற்றோடு இரண்டு வெள்ளரிக்காய் காலியானது.

அன்றிரவு போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"அடப்பாவி, மாட்டுத் தீனியையா சாப்பிடுகிறாய்? சம்பளம் ஒழுங்காகத்தானே வருகிறது?"

அம்மாவுக்குப் பதில் சொல்ல வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். இன்றைய டோக்கியோ எடோவாக இருந்த காலத்தில், நகரத்தார் தீட்டிய வெள்ளைச் சோற்றுக்கு மாறினார்கள். கால் வீங்கி, மரத்து, நடை தளர்ந்தது. கிராமத்துக்குத் திரும்பியவர்களுக்குத் தானாகவே சரியானதால் அதற்கு எடோ நோய் என்றே பெயர் வைத்தார்கள். அது பெரிபெரி. 1910இல் உமேதாரோ சுசுகி என்ற வேதியியலாளர் அதைத் தடுக்கும் சத்தைப் பிரித்தெடுத்தது தவிட்டிலிருந்துதான். இன்று வைட்டமின் பி1 என்கிறோம். தீட்டும்போது இழந்ததில் ஒரு பங்கு ஊறுகாய் வழியே தட்டுக்குத் திரும்புகிறது: 100 கிராம் பச்சை வெள்ளரியில் பி1 0.03 மில்லிகிராம், தவிட்டில் ஊறியதில் 0.26. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் நம் லட்சுமிக்கு ஏன் கால் வீங்கவில்லை என்று இப்போது தெரிகிறது" என்றார். லட்சுமி எங்கள் பசு.

ஆகஸ்டில் மூன்று வாரம் ஊருக்குப் போனேன். ஜாடியை அடுப்படி மூலையில் மூடி வைத்துவிட்டு, அதை மறந்தே போனேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் மேலே பெயிண்ட் கடை வாடை, கிளறினால் அடியிலிருந்து மழையில் நனைந்த சாக்ஸ். வெள்ளை ஏடு விரல் கனத்துக்கு மூடியிருந்தது. எறிந்துவிடலாம் என்று பையை எடுத்தேன். ஆனால் அதில் பாட்டி கொடுத்த இரண்டு கைப்பிடி இருக்கிறதே. வெட்கத்தை விட்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. ஏட்டை மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்து எறிந்தார். புதுத் தவிடும் உப்பும், ஒரு கரண்டி கடுகுத்தூளும் போட்டு, முழங்கை வரை விட்டுப் பிசைந்தார். வெளியூர் போவதென்றால் மேலே உப்பைப் பரப்பி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றார். பத்து நாளில் வாடை அடங்கிப் புளிப்பு திரும்பியது. மோசமாகப் பாடுகிறவனைப் பார்த்து "உன் பாட்டில் தவிட்டு ஊறுகாயே அழுகிவிடும்" என்று இங்கே கிண்டல் செய்வார்களாம். எனக்குப் பாடாமலே அது கைகூடியது என்று பாட்டிக்குச் சிரிப்பு.

அடுத்தது கத்தரிக்காய். என்னுடையது ஊறி வெளியே வரும்போதெல்லாம் சாம்பல் பூத்து, பார்க்கச் சகிக்கவில்லை. பாட்டியுடையது மட்டும் பட்டுப்புடவைக் கரை போல ஊதாவாக மின்னும். கேட்டதற்கு, செய்தித்தாளில் சுற்றிய துருப்பிடித்த பழைய ஆணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தவிட்டில் புதைத்துவிட வேண்டுமாம். இரும்பு கத்தரித் தோலின் நிறமியோடு சேர்ந்து நிறத்தைப் பிடித்து வைக்கும். "நுக்கா நி குகி" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். தவிட்டில் அடித்த ஆணி என்று பொருள். எவ்வளவு சொன்னாலும் உறைக்காதவனிடம் பேசுவதற்கு அவர்கள் பழமொழி, நம் செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்குச் சொன்னாரா, ஆணிக்குச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

மறுநாள் கத்தரிக்காய் ஊதா நிறம் மாறாமல் வந்தது. படம் எடுத்து, ஆணி விவரத்தோடு அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"ஆணியைக் கழுவித்தானே போட்டாய்?"