வீடு தேடி வந்த மருத்துவமும் அதன் செலவுக் கணக்கும்

அப்பாவுக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்பது 2022 செப்டம்பரில் உறுதியானது. பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய குறுகலான தெருவில், செங்குத்தான படிக்கட்டு ஏறிச் செல்ல வேண்டிய முதல் மாடி எங்கள் வீடு. வலியால் துடிக்கும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து நால்வர் தூக்கி இறக்கி, ஆம்புலன்சில் ஏற்றி, மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்து மீண்டும் தூக்கி ஏற்றுவது இரண்டு முறை நடந்தது. இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்பின் கடைசி வரியில் வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை என்று எழுதியிருந்தார்கள். அது எங்கே கிடைக்கும், யாரைக் கேட்பது என்று எவரும் சொல்லவில்லை.

அம்மாவின் தோழி ஒருவர் மூலமாகத்தான் வீட்டுக்கே வந்து கவனிக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் எண் கிடைத்தது. திசுப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனைக் குறிப்பு, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை மட்டும் கேட்டார்கள். பணம் பற்றிய பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது: “தனக்கு என்ன நோய் என்று நோயாளிக்குத் தெரியுமா?” தெரியாது என்றுதான் நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். பின்னர் அந்த நிறுவனத்தின் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) அவரிடம் தனியாகப் பேசியபோது, தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றும், அம்மா தாங்கமாட்டாள் என்பதால் தெரியாதவர் போல இருப்பதாகவும் அப்பா சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல் பேசத் தொடங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை பதிவு செய்தோம். வியாழக்கிழமை மருத்துவரும் கேரளத்தைச் சேர்ந்த செவிலியும் வந்தார்கள். “அப்பா, வலி பத்துக்கு எத்தனை?” என்று செவிலி கேட்க, “எட்டு, சிஸ்டர்” என்றார் அப்பா. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் என்ற வலி நிவாரணி மாத்திரை, இரவு படுக்கும்போது இருமடங்கு, அதனால் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு மருந்து என்று தாளில் எழுதி, அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். அபின் வகை என்று கேள்விப்பட்டு அம்மா பயந்தார். வலிக்கேற்ற அளவில் கொடுத்தால் நோயாளி அடிமையாவதோ அறிவு மழுங்குவதோ பொதுவாக நிகழ்வதில்லை என்பதை மருத்துவர் கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின என்பதையும், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகே அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு வழி சற்று எளிதானது என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். ஐந்தாம் நாள் அதே கேள்விக்கு அப்பா மூன்று என்று சொன்னார். அன்று பல வாரங்களுக்குப் பிறகு ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார்.

நாற்பத்தேழு நாட்களில் ஒன்பது முறை வந்தார்கள். படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பதை எனக்கும் தங்கைக்கும் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் மாமா வந்து, “கடைசி வரை முயற்சி செய்து பார்க்க வேண்டாமா, மாப்பிள்ளை? ஐ.சி.யு.வில் சேர்த்துவிடு” என்று கண்கலங்கினார். அப்பா என்ன விரும்புகிறார் என்பதை அவர் வாயாலேயே மாமாவைக் கேட்கவைத்தவர் செவிலிதான். நான் சொல்லியிருந்தால் அது எடுபட்டிருக்காது. கடைசி இரவு மூன்று மணிக்கு மூச்சு மாறித் தொண்டையில் சத்தம் கேட்டபோது தொலைபேசியில் அழைத்தேன். அந்தச் சத்தம் நமக்குத்தான் வேதனை, அவருக்கு இல்லை என்று சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னார்கள். விடியற்காலையில் அப்பா தம் கட்டிலிலேயே போனார். காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் வந்து, வீட்டில் நிகழும் இறப்புக்கான 4அ படிவத்தைத் தந்தார். கல்பள்ளி மயானத்திலும், பின்பு 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்தபோதும் எங்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளைச் செவிலி எண்ணிக் கணக்கெழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு திரும்ப எடுத்துச் சென்றார்.

கணக்கியல் என் தொழில் என்பதால், நன்றிக்கடனாக அந்த நிறுவனத்தின் நன்கொடைக் கணக்குகளில் உதவச் சென்றேன். பெங்களூரில் இந்தப் பணி புதிதல்ல. 1994இல் தொடங்கப்பட்ட கருணாஷ்ரயா என்ற தொண்டு அமைப்பு, 1999இல் மாரத்தஹள்ளியில் நோயாளிகள் தங்கும் இல்லம் திறப்பதற்கு முன்பே வீட்டுச் சேவையைத் தொடங்கியது. இருந்தும் பணம் திரட்டுவது கடினமாகவே இருக்கிறது, அதற்கான காரணம் செலவின் தன்மையிலேயே அடங்கியிருக்கிறது. மார்ஃபின் மாத்திரை மலிவானது. செலவாவது மருத்துவர், செவிலி, ஓட்டுநர் ஆகியோரின் சம்பளத்துக்கும், நகர நெரிசலில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு சென்றுவரும் வண்டியின் பெட்ரோலுக்கும்தான். கொடுக்க முன்வருபவர்களோ கட்டடத்துக்கும் கருவிக்கும், தங்கள் பெயர் எழுதக்கூடிய எதற்கும் கொடுக்கிறார்கள். கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய ஒரு நிறுவனத்திடம் நானே சென்று கேட்டேன். வண்டி வாங்கித் தருகிறோம், அதை ஓட்டுபவரின் சம்பளத்தைத் தர இயலாது என்றார்கள். அவர்களுடைய படிவத்தில், எத்தனை பேர் குணமடைந்தனர் என்று ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வலி எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தவர்கள், விரும்பிய இடத்திலேயே இறந்தவர்கள், மருத்துவமனையில் தேவையற்ற அவசர அனுமதியைத் தவிர்த்தவர்கள் என்று மூன்று பத்தி எழுதி இணைத்தேன். ஓர் ஆண்டுக்கு மட்டும் பாதித் தொகை கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர்கள் வேறு துறைக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பாதித் தொகையை நம்பி நியமித்த செவிலியை நிறுத்துவதா, புதிய நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்வதா என்று நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.

மற்ற வழிகளும் குறுகலானவை. அப்பாவின் காப்பீடு மருத்துவமனை அனுமதிக்குப் பணம் தந்தது, வீட்டு வருகைக்குத் தரவில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு, அத்தகைய நன்கொடை பெறும் பெரிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் நன்கொடைக்குக் கிடைக்கும் வரிச் சலுகைக்காகக் கொடுத்துவந்தவர்களில், அந்தச் சலுகை இல்லாத புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் காரணம் இல்லாமல் போயிற்று.

இப்போது நாங்கள் மூவரும் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை அனுப்புகிறோம். நோக்கம் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுத வேண்டும் என்று முதலில் அம்மா விரும்பினார். கணக்கைக் காட்டி விளக்கிய பிறகு, அவரே பேனாவை வாங்கி, ‘ஓட்டுநர் சம்பளம், பெட்ரோல்’ என்று எழுதினார்.