வாய் மூடிய குழாய்கள்

பயறுச் செடியின் வேரில் பாக்டீரியா தங்கி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்குச் சத்தாக்கித் தரும் சிறு உருண்டைகள்தான் வேர்முடிச்சுகள். அவற்றை ஆராயும் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாசிப்பயறை முளைகட்டி, கண்ணாடிக் குழாயில் அகர் என்ற கூழின் மேல் வைத்து, முடிச்சை உண்டாக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா கலந்த கரைசலை ஒரு மில்லி விட வேண்டும். வேறு கிருமி புகுந்துவிடுமோ என்ற பயத்தில், குழாய்களின் வாயில் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தை நாலைந்து சுற்று இழுத்துச் சுற்றி அடைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வேரெல்லாம் குட்டையாக, தடித்துக் கிடந்தது. பல குழாய்களில் ஒரு முடிச்சுகூட இல்லை. பாக்டீரியா செத்துப்போயிருக்கும் என்று நினைத்து, காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் கலந்த அகரில் அதைக் கோடிழுத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் சாயம் ஏறாத வெளிர் புள்ளிகளாக நன்றாகவே வளர்ந்திருந்தது.

கூட வேலை பார்த்த அக்கா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாழைத்தாருக்கு மூட்டம் போட்ட மாதிரி அடைச்சு வச்சிருக்கியேப்பா!" என்றார்.

எத்திலீன்! மூட்டத்தில் காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். செடியும் அதைக் கொஞ்சம் வெளிவிடும். அது போக வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்துவிட்டது.

அதுவரை முடிச்சு போடுவது பாக்டீரியாவின் வேலை என்றே நினைத்திருந்தேன். வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது, பாக்டீரியா பதிலுக்கு நாட் காரணி என்ற சமிக்ஞைப் பொருளை அனுப்புகிறது, வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் செடியின் கையில்தான். வேரின் புறணியில், அதாவது தோலுக்கு அடுத்த உள்ளடுக்கில், சைட்டோகைனின் என்ற ஹார்மோன் கூடினால்தான் அங்கே செல்கள் பிரிந்து பெருகி முடிச்சு எழும்பும். ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோனும் அந்த இடத்தில் வந்து சேரும். லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்ற பயறுக் குடும்பச் செடியில், சைட்டோகைனினை உணரும் புரதம் எந்நேரமும் விழித்தே இருக்கும் ஒரு வகையை 2007இல் விவரித்தார்கள். பாக்டீரியாவே இல்லாமல் அதன் வேரில் முடிச்சு வந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எத்திலீன் இதற்குக் கடிவாளம். 1997இல் வெளிவந்த ஆய்வில், எத்திலீனை உணராத மெடிக்காகோ என்ற இன்னொரு பயறுக் குடும்பச் செடி பல மடங்கு முடிச்சு போட்டது. ஒவ்வொரு முடிச்சுக்கும் செடி தன் சர்க்கரையைக் கொடுத்தாக வேண்டும். அதனால் கடிவாளமும் வேண்டியதுதான்.

சரி, மறுபடி தொடங்கினேன். இந்த முறை பஞ்சு அடைப்பு. வேரில் வெளிச்சம் படாமல் பழுப்புத் தாள் சுற்றினேன். இருபத்தைந்தாம் நாள் ஒரு செடியை எடுத்து வேரை அலசினேன். மிளகைவிடச் சிறிதாக, உருண்டை உருண்டையாக முடிச்சுகள். ஒன்றை பிளேடால் நறுக்கினேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருப்பதன் உறவுக்காரப் புரதம், லெக்ஹீமோகுளோபின். வெட்டின இடத்தில் பிளேடின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. "அக்கா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.