அம்மா அப்பா வருமுன் பாக்ஸ் ரூமுக்குச் செய்ய வேண்டியவை

"ஒண்ணும் வேண்டாம்யா, ஒரு பாயும் தலவாணியும் போதும்" என்றுதான் பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் போனில் சொல்வார்கள். அதை நம்பி பிரிட்டனில் அறையை அப்படியே விட்டுவிடக் கூடாது. பட்டாசலில் (கூடத்தில்) பாய் விரித்துக் காற்றாடப் படுத்த உடம்பு இது. இங்கே தரையில் படுத்தால் குளிர் முதுகில் ஏறும், எழுபது வயது முழங்காலை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவும் முடியாது. விசிட்டர் விசாவில் ஒரு வருகைக்கு 6 மாதம் வரை தங்கலாம். ஆகவே இது விருந்தாளி அறை என்பதைவிட அரை வருடக் குடித்தனம்.

முதலில் ஒரு செலவில்லாத யோசனை. வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் பாக்ஸ் ரூம் எனப்படும் மிகச் சின்ன அறைதான். இருவர் வருகிறார்கள் என்றால் உங்கள் பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் அங்கே போய்விடுங்கள். இங்கத்திய டபுள் கட்டில் மெத்தை 135 × 190 செ.மீ. அதைச் சின்ன அறையில் சுவரோடு ஒட்டிப் போட்டால் உள்பக்கம் படுத்தவர் ராத்திரி ஒன்றுக்குப் போக மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் 90 × 190 சிங்கிள் போதும். எதையும் வாங்குமுன் அந்த அளவுக்குத் தரையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். கதவு முழுக்கத் திறக்க வேண்டும், இறங்கும் பக்கத்தில் 60 செ.மீ. இடம் இருக்க வேண்டும்.

கையில் 200 பவுண்டு இருந்தால் பாதியை மெத்தைக்கு ஒதுக்கலாம். கட்டிலைப் பழையதாக வாங்கினால் தப்பில்லை, மெத்தையைப் பழையதாக வாங்கவே கூடாது. சேரிட்டி கடையிலோ ஆன்லைனிலோ கட்டில் எடுக்கும்போது போல்ட் எல்லாம் இருக்கிறதா, நடுக்கால் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகளிலும் போல்ட் ஓட்டைகளிலும் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. இலவசம் என்றாலும் வேண்டாம். பூட்டும்போது எல்லா போல்ட்டையும் பாதிவரை மாட்டிவிட்டுக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி இறுக்காவிட்டால் அப்பா புரளும்போதெல்லாம் கட்டில் கிரீச்சிடும்.

மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் 45 முதல் 50 செ.மீ. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். சோபா கம் பெட் இந்த வகையில் தோற்றுவிடும். இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தவர்களுக்கு மெமரி ஃபோம் புதைகுழி மாதிரி. குளிர்ந்த அறையில் அது கட்டியாகவும் ஆகிவிடும். கெட்டியான ஸ்பிரிங் மெத்தையே நல்லது. சுருட்டி வரும் மெத்தையை அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பே பிரித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்; புது ஃபோம் வாசனை தலைவலி கொடுக்கும். இங்கே விற்கும் தலையணைகள் தடிமனானவை. தையலைப் பிரித்து மூன்றில் ஒரு பங்கு பஞ்சை எடுத்துவிட்டால் கழுத்து வலிக்காது.

இனி குளிர். ஜூலையில் வந்தால் "குத்தாலச் சாரல் மாதிரில்லா இருக்கு" என்பார்கள். அக்டோபரில் அந்தப் பேச்சு நின்றுவிடும். நம்மில் பலர் அறையை 18 டிகிரியில் வைத்துப் பழகிவிட்டோம். திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு 21 வேண்டும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. ஆனால் வால்வைவிட டைமர்தான் முக்கியம், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வாசல் தெளிக்கும் நேரத்துக்கு விழிக்கிறவர்கள் அவர்கள். ஊரில் காலை 5 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 12.30, குளிர்காலத்தில் 11.30. முதல் வாரம் நடுராத்திரியில் விழித்து உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் ஹீட்டிங்கோ காலை 6.30க்குத்தான் ஓடத் தொடங்கும். அந்த ஒரு வாரம் ராத்திரி முழுக்க மிதமாக ஓடட்டும். கட்டிலருகே பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். பிறகு அதிகாலை 4 மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். தனி ஹீட்டர் வைத்தால் நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷனில் சொருகினால் சூடேறி உருகும்.

டூவே என்பது பஞ்சு திணித்த கனத்த போர்வை, டாக் என்பது அதன் கதகதப்பின் அளவு. 13.5 டாக் டூவே ஒன்று வாங்கிப் போடுவதைவிட அடுக்காகப் போடுவது நல்லது: ஊர்ப் பருத்திப் போர்வை, அதன்மேல் மெல்லிய கம்பளி, மேலே 4.5 டாக் டூவே. வேண்டியதை இழுத்துக்கொள்வார்கள். பாலியஸ்டர் விரிப்பு உடம்பு பட்டதும் சில்லென்றிருக்கும். மேற்பரப்பைப் பஞ்சுபோல் உரசிய பிரஷ்டு காட்டன் விரிப்பு அப்படிச் சில்லிடாது. வெந்நீர்ப் பை கொடுத்தால் கொதிநிலைக்குப் போகாத வெந்நீரை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, உறை போட்டுக் கொடுங்கள். சுகர் இருந்து கால் மரத்துப் போகிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

அம்மா சேலையைத் துவைத்து அந்த அறை ரேடியேட்டரிலேயே காயப்போடுவாள். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில் நீராகப் படிந்து கரும்பூசணமாகும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி வையுங்கள். ஜன்னல் மேலுள்ள காற்றுத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். ஜூனில் இரவு 9.30 வரை வெளிச்சம், காலை 4.30க்கு மறுபடி விடிந்துவிடும் என்பதால் கறுப்பு லைனிங் உள்ள திரை தேவை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டாம், ஜன்னல் குழிக்குள் இறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பி போதும்.

படுக்கையறை பற்றிய பேச்சில் குளியலறை எதற்கு என்றால், ராத்திரி அந்த வழியில்தான் விழுவார்கள். வழியில் ஆள் நடந்தால் எரியும் சின்ன விளக்குகள் இரண்டு வையுங்கள். குளியலறையில் சாதாரண சாக்கெட் இருக்காது, அங்கே பேட்டரி விளக்கு. இங்கத்திய வீட்டுக் குளியலறைகளில் தரையில் வடிகால் கிடையாது. அங்கணத்தில் ஊற்றுவதுபோல் செம்பில் மொண்டு ஊற்றினால் கீழ்த்தளச் சீலிங்கில் சொட்டும். வந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது. வாளி, மக், ரப்பர் விரிப்பு மூன்றும் டப்புக்குள்ளேயே இருக்கட்டும். உட்காருவதற்கு டப்பின் மேல் குறுக்காக வைக்கும் பாத் போர்டு பலகை. உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை நம்பி உடம்பின் பாரத்தைப் போடக் கூடாது. சொல்லாமல் கழன்றுவிடும்.

வேண்டாம் என்றாலும் ஒரு பத்தமடைப் பாய் பெட்டியில் ஏறிவிடும். கார்பெட்டில் அது வழுக்கும், அடியில் ரப்பர் வலை விரியுங்கள். பகலில் சுருட்டினால் உள்சுவரில் சாத்தி வையுங்கள். வெளிச்சுவர் ஓரம் நின்றால் கோரையில் பூசணம் பிடித்துவிடும்.