முச்சை பிழை, அக்கா

"அக்கா, உந்த முச்சையோட இது எழும்பாது. குத்தும்."

அணி ரீசேட்டுக்கு நான் எம்ப்ரொய்டரி போட்ட மாதிரித் தையலைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, பட்டம் கட்டுகிற அந்தத் தம்பி சொல்லிவிட்டான். எட்டு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கொக்குப் பட்டம். சிறகு, வால், நிறம் எல்லாம் அவனுடைய அணி சொன்னபடிதான் தைத்திருந்தேன். நூலை மட்டும் நடுவிலிருந்து ஒரே கோடாகக் கீழே இழுத்து விட்டிருந்தேன். பட்டம் கட்டுகிற எவரும் அப்படிக் கட்டமாட்டார்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று நூல் எடுத்து, மூன்றும் சேருகிற இடத்தில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சிலிருந்துதான் ஏற்றுகிற நூல் போகும். அதுதான் முச்சை. முடிச்சு ஒரு விரற்கடை ஏறி இறங்கினாலே பட்டம் காற்றில் சாய்கிற சாய்வு மாறிவிடும். ஒன்றில் எழும்பாமல் இழுத்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் எழும்பித் தலைகீழாகக் குத்தும்.

எனக்கு இது தெரியாத விசயம் இல்லை. அப்பா எட்டுமூலைப் பட்டம் கட்டுகிறவர். மூங்கிலைச் சீவி, நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே பாரமா என்று பார்ப்பார். கோதுமை மாப் பசை காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. இரவில், காற்றில் கூவுகிற விண் என்ற கருவி பூட்டிய பட்டத்தை ஏற்றிக் கிணற்றடித் தென்னையில் கட்டிவிட்டுத்தான் படுப்பார். விடியும்வரை கூவிக்கொண்டே இருக்கும். கூவல் மாறினால் காற்று மாறுகிறது என்று எழும்பிப் போவார். அந்த வீட்டில் வளர்ந்த நான், கொம்பியூட்டரில் கோடு இழுக்கும்போது முச்சையை விட்டுவிட்டேன். அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து நெல்லியடியில் எம்ப்ரொய்டரிக் கடை வைத்திருக்கிறேன். ஒற்றைத் தலை மெசின், 12 ஊசி. வருடம் முழுக்கப் பாடசாலைச் சின்னங்களும் கலியாணச் சட்டைகளும்தான். மார்கழி பிறந்தால் பட்டக்காரர் வரத் தொடங்குவார்கள். தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டிக்குத்தான் அவ்வளவு அவசரமும். மாதக் கணக்கில் கட்டிய பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிற அன்று அணி முழுக்க ஒரே மாதிரி உடுத்துப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை.

அச்சடித்த ரீசேட் இதைவிட மலிவு, நான் மறைக்கமாட்டேன். ஆனால் அவர்கள் நூலோடு வாழ்கிறவர்கள். நூலால் செய்த பட்டம் கேட்டு வருகிறார்கள். இணையத்தில் பட்டம் என்று தேடினால் கிடைக்கிற டிசைன் எல்லாம் ஒரு சாய்சதுரம், ஒரு குறுக்குக் கோடு, வாலில் மூன்று ரிபன் முடிச்சு. அதை எடுத்துத் தைத்துக் கொடுத்தால் காசு வரும். வாங்கிப்போகிற பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கும்போது அது அவனுடைய பட்டம் இல்லையே. அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். பட்டத்தை, இல்லாவிட்டால் அதன் சட்டத்தையாவது, கடைக்குக் கொண்டுவரவேண்டும். நான் பார்த்து, அளந்து, வரைவேன். போட்டிக்குப் புது வடிவம் கட்டுகிறவர்கள் இருட்டின பிறகு சாக்கால் மூடித்தான் கொண்டுவருவார்கள். பொங்கல் முடியும்வரை அந்தப் படம் என் போனில்கூட இருக்காது.

முதல் பெரிய ஓடரில் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். பதினான்கு ரீசேட், விளையாட்டு ஜேர்சித் துணி, முதுகில் இருபது சென்ரிமீற்றர் அகலத்தில் பிராந்துப் (பருந்துப்) பட்டம். முழுவதையும் தையலாலேயே நிரப்பினேன். ஒரு முதுகுக்கு ஏறத்தாழ 40,000 தையல். நிமிடத்துக்கு 700 வைத்து ஓட்டினால் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம். முடிந்து, துணியை இழுத்துப் பிடிக்கிற வளையத்தைக் கழற்றினால் துணி சுற்றிவரச் சுருங்கிக் கிடக்கிறது. மெல்லிய இழுபடும் துணி அவ்வளவு நூலைத் தாங்காது, ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அணிந்து பார்த்த பையன் முதுகில் பலகை கட்டின மாதிரி இருக்கிறது என்றான். வியர்த்தால் காற்றும் உள்ளே போகாது. அந்தப் பதினான்கையும் என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன்.

திரும்பச் செய்தபோதுதான் வழி தெரிந்தது. பட்டத்தைக் கட்டுகிற மாதிரியே தைப்பது. பட்டம் முழுக்க மூங்கிலா? இல்லையே. சட்டம் கொஞ்சம், மிச்சம் தாள். நானும் மெல்லிய நிறத் துணியை வெட்டி வைத்து, விளிம்பை மட்டும் தைக்கிற அப்ளிக் முறைக்கு மாறினேன். மெசின் முதலில் துணி வைக்கவேண்டிய இடத்தை ஒற்றைக் கோட்டால் காட்டும். சிவப்புத் துணியை அதன்மேல் பரப்புவேன். இன்னொரு ஓட்டத்தில் மெசின் அதைப் பிடித்துத் தைக்கும். நிறுத்தி, வளையத்தைக் கழற்றாமலே வளைந்த கத்தரியால் வெளித்துணியைத் தையலுக்கு ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுவேன். பிறகு மூன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் பளபளப்பான நெருக்கத் தையல் விளிம்பைச் சுற்றி வரும். அந்த விளிம்புதான் மூங்கில். பட்டத்தில் சட்டம் முதல், தாள் பிறகு. இங்கே தாள் முதல், சட்டம் பிறகு. தையல் 9,000 அளவில் முடிந்துவிடும். துணியும் படுத்துக் கிடக்கும். தைக்கும்போது துணியைத் தாங்க ஜேர்சிக்குப் பின்னால் வைக்கிற தாளில், கிழித்து எடுக்கிற தாள் வைக்கக்கூடாது, வெட்டி மிச்சத்தை உள்ளேயே விடுகிற தாள்தான் வைக்கவேண்டும். ஊசியும் குண்டு முனை ஊசி. கூர் ஊசி பின்னல் இழையை அறுத்துவிடும், நாலு தரம் தோய்த்த பிறகுதான் ஓட்டை தெரியவரும்.

ஏன் முதுகில் என்று கேட்பார்கள். கடற்கரையில் போய் நின்று பாருங்கள். ஏற்றுகிறவரும் பார்க்கிறவரும் எல்லாரும் பட்டம் நிற்கிற பக்கமே திரும்பி நிற்பார்கள். உங்களுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். நெஞ்சில் போட்ட சின்னத்தை அன்றைக்கு ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

தொப்பியும் அப்படித்தான், காரணம் இருக்கிறது. தை மாதத்தில் அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. ஏற்றுகிறவர் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் தென்மேற்கே பார்த்து நிற்பார். பின்னேரச் சூரியனும் அங்கேதான் இறங்கும். இரண்டு மணித்தியாலம் நேரே வெயிலைப் பார்த்து நிற்கிற வேலை அது. அதனால் விளிம்பு நீண்ட தொப்பி, விளிம்பின் உட்பக்கம் கறுப்புத் துணி. வெள்ளைத் துணி மணலின் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணுக்குள் அடிக்கும்.

தொங்குகிற எதையும் நான் வைத்துத் தைப்பதில்லை. குஞ்சம், வார், ஓரம் திறந்த சின்னம் எதுவும் கிடையாது. 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டம் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரை வானத்துக்குத் தூக்கிப்போன காணொளியை எல்லாரும் பார்த்தோம். அவர் உயிர் தப்பியது பெரிய விசயம். அவ்வளவு பலத்தோடு ஓடுகிற கயிறு உடுப்பில் எதிலும் கொழுவக்கூடாது.

பிறகு எழுத்து. அணியின் பெயர் தமிழில்தான் வேண்டும் என்பார்கள், எனக்கும் அதுதான் விருப்பம். ஆங்கில எழுத்தை ஐந்து மில்லிமீற்றர் உயரத்திலும் தைத்துவிடலாம். தமிழ் எழுத்தில் ண, ஞ, ழ எல்லாவற்றுக்கும் உள்ளே சுழி இருக்கிறது. நூலுக்கும் தடிப்பு உண்டு, சின்னதாகப் போட்டால் சுழி அடைபட்டுப்போகும். பத்து மில்லிமீற்றருக்குக் கீழே நான் போகமாட்டேன். மெய்யெழுத்துப் புள்ளி இன்னும் கஷ்டம். 'பட்டம்' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு புள்ளி. எழுத்தின் அளவுக்குச் சரியாகப் புள்ளி வைத்தால் அது பின்னல் துணிக்குள் புதைந்துவிடும், 'படடம' என்று வாசிக்கவேண்டி வரும். அதனால் புள்ளிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஓட்டம் ஓடவிட்டு, அதன்மேல் கொஞ்சம் பெரிதாகவே வைக்கிறேன். கொம்பியூட்டர் தானாக மாற்றித் தருகிற எழுத்தை நம்புவதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் நானே கோடு கோடாக வரைந்து வைத்திருக்கிறேன்.

முச்சை பிழை என்ற தம்பிக்கு வருகிறேன். அவனையே பக்கத்தில் இருத்தி, கொம்பியூட்டரில் முடிச்சை நகர்த்தினோம்.

"கொஞ்சம் மேல... இன்னும்... காணும், காணும்."

அப்போது அவன் கேட்டான்: "நூல் இதோட நிக்குதே அக்கா, கைக்கு வராதோ?"

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் இப்போது எல்லாரும் கேட்கிற வடிவம். கொக்கு வலது தோளுக்குப் பின்னால் நிற்கும். முச்சையிலிருந்து ஒரு வெள்ளை நூல் தோளைக் கடந்து, நீளக்கை வழியே இறங்கி, மணிக்கட்டில் முடியும். தைத்து முடிந்த ரீசேட்டில் இதைச் செய்யமுடியாது, தோள் மூட்டில் வளையம் சரியாக உட்காராது. துணியை வெட்டின கையோடு, பொருத்துவதற்கு முன்னமே முதுகையும் கையையும் தனித்தனியாகத் தைத்து, மூட்டில் இரண்டு கோடும் சந்திக்கிற மாதிரிப் பொருத்தவேண்டும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் நூல் அறுந்த மாதிரித் தெரியும். நேர்கோட்டுத் தையல் போட்டால் கையை நீட்டும்போது அறுந்துவிடும் என்பதால் மிக ஒடுங்கிய வளைதையல். தூரத்தில் அது நேர்கோடுதான்.

போன பொங்கலன்று பின்னேரம் நானும் போய் மணலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவன் இரண்டு கையாலும் நைலான் நூலை இழுத்து இழுத்து விடுகிறான். தோளிலிருந்து மணிக்கட்டுவரை என் நூல், மணிக்கட்டிலிருந்து வானம்வரை அவனுடைய நூல். அவன் கை உயரும்போது இரண்டும் ஒரே நேராக வந்தன. அப்பா இருந்திருந்தால் முதலில் முச்சையைத்தான் பார்த்திருப்பார்.

இந்தக் கிழமை அந்த ரீசேட்டில் நாலு திரும்பி வந்திருக்கிறது. வலது மணிக்கட்டில், நைலான் உரசுகிற இடத்தில், கடைசி இரண்டு அங்குலம் தேய்ந்து போயிருக்கிறது. மெசின் நூல் பொலியெஸ்டர்தான், உப்புக்கும் வெயிலுக்கும் தாங்கும், ஆனால் நைலான் உரசலுக்குத் தாங்கவில்லை. தேய்ந்த இடத்துக்கு மட்டும் உள்ளே தடித்த துணி வைத்து மேலே இரட்டைத் தையல் போடப்போகிறேன். தம்பி வெள்ளை வேண்டாம், சிவப்பு நூலே போடச் சொன்னான். அவர்கள் இந்த முறை ஏற்றப்போகிற நூல் சிவப்பாம்.