அமாசியும் அமாவாசையும்: டர்பனில் நான் எம்.ஏ. முடித்த கதை

"தமிழ் பேசுறவங்களைப் பத்தித் தமிழச்சியே ஆராய்ச்சி பண்ணப் போறியா? கரும்பு தின்னக் கூலியா!" என்று அப்பா போனில் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் பொறையாறில் பிறந்து, பி.ஏ. தமிழும் பி.எட்.டும் முடித்து, கணவரின் வேலைக்காக 2017இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள், ஆயாக்கள் எல்லாரும் பழக்கம். தமிழும் கைவசம் இருக்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்ற நினைப்பில், நாடு கடந்த பண்பாடும் சமூகமும் பற்றிய முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்த அந்தப் பாதிதான் என்னைக் கடைசிவரை இழுத்தடித்தது.

முதலில் சேர்க்கை. நம் ஊர் மூன்றாண்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே நேராக எம்.ஏ.வில் உட்கார முடியாது என்பதே எனக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் இளங்கலைக்குப் பிறகு ஆனர்ஸ் என்று தனியாக ஓராண்டு உண்டு. தேசியத் தகுதி அடுக்கில் இளங்கலை 7ஆம் நிலை, ஆனர்ஸ் 8, முதுகலை 9. வெளிநாட்டுச் சான்றிதழ்களை சாக்வா என்ற அமைப்பு பார்த்து, இங்கே அது எந்த நிலைக்குச் சமம் என்று எழுதிக் கொடுக்கும். அதற்கான காகிதங்களுக்காக அப்பா மூன்று முறை பஸ் ஏறினார். ஒரு முறை சீல் இருந்தது, கையெழுத்து இல்லை. அடுத்த முறை கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. இங்கே படிக்க நினைப்பவர்கள் இந்த வேலையை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். துணைவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பதற்கான அனுமதியையும் தனியாக வாங்க வேண்டும்.

2021 முழுக்க ஆனர்ஸில் போயிற்று. 2022இல் எம்.ஏ. தொடங்கியது. மொத்தம் 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதாவது 1800 மணி நேரம். அடுப்படியில் காதில் மாட்டிக் கேட்ட வகுப்புகளை இதில் சேர்க்கவில்லை.

முதல் பருவம் கோட்பாடுகள். 1990களின் தொடக்கத்தில் நீனா கிளிக் ஷில்லரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: புலம்பெயர்ந்தவர்கள் ஓர் ஊரிலிருந்து பிடுங்கி இன்னோர் ஊரில் நட்ட நாற்று அல்ல, அவர்கள் குடும்பமும் பணமும் சாமியும் அரசியலும் இரண்டு ஊரிலுமாக ஒரே நேரத்தில் நடக்கின்றன. இது எனக்கு உடனே பிடிபட்டது. காலையில் மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் மருந்து ஞாபகப்படுத்திவிட்டு வகுப்புக்குப் போகிறவளுக்கு இதில் புரியாமல் என்ன? பிடிபடாதது பத்தாண்டு கழித்து அவரும் ஆந்திரியாஸ் விம்மரும் சேர்ந்து எழுதியது. நாடு என்ற பெட்டியை இயற்கையானது என்று எடுத்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் அந்தப் பெட்டிக்குள் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை அதில் சாடியிருந்தார்கள். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு வகுப்பில் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிப் பேசினேன். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் சிறை சென்று, உடல் நலிந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்த பெண். "எங்கள் ஊர்ப் பக்கம். பொறையாறிலிருந்து தில்லையாடிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். காங்கோவிலிருந்து வந்த சக மாணவர் கையைத் தூக்கினார். "அவர் எங்கே பிறந்தார்?" ஜோகன்னஸ்பர்க். "எங்கே இறந்தார்?" அதுவும் ஜோகன்னஸ்பர்க். "அப்படியானால் எப்படி உங்கள் ஊர்?" வகுப்பே சிரித்தது. பள்ளியில் வருடா வருடம் அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்வி ஒரு முறைகூட எனக்கு வந்ததில்லை.

ஆய்வுத் திட்டத்தில் நான் வைத்த தலைப்பு, டர்பன் தமிழர்கள் தமிழைப் பாதுகாக்கும் முறைகள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவே வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரைச் சொல்கிறது, அதிலிருந்து ஆரம்பித்திருந்தேன். என் நெறியாளர், இந்தப் பக்கத்து ஆப்பிரிக்க மொழியான ஜூலு பேசும் அம்மா, 'பாதுகாக்கும்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "யார், எதை, யாரிடமிருந்து?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதம் முட்டி மோதினேன். கடைசியில் தலைப்பு சுருங்கி, ஆடி மாதத்தில் வீட்டுக் கொல்லையில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பழக்கத்தில் வந்து நின்றது. இங்கே எல்லாரும் அதை இங்கிலீஷில் 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள்.

நடுவில் சில வாரம், இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பட்டியல்களில் தொலைந்துபோனேன். ஆய்வேட்டுக்கு இரண்டே பக்கம்தான் தேவைப்பட்டது, ஆனாலும் விட மனமில்லை. 1860 நவம்பர் 16இல் டர்பனுக்கு வந்த முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து 342 பேரோடு வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி லுதுலி ஆவண மையத்தில் இவற்றின் பிரதிகளைப் பார்த்தேன். இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் படித்து, இது எந்த ஊராக இருக்கும் என்று கண்டுபிடிப்பதில் ஒரு போதை உண்டு. அங்கேயும் சறுக்கினேன். வட ஆற்காடு என்று இருந்தவர்களை எல்லாம் தமிழர் கணக்கில் போட்டுவிட்டேன். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில்தானே இருந்தது! அதில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசியவர்களாக இருந்தால்?

எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு நான்கு மாதம் ஆயிற்று. மனிதர்களிடம் பேட்டி எடுப்பதென்றால் யாரிடம், என்ன கேள்வி, ஒலிப்பதிவை எங்கே பூட்டி வைப்பாய், எப்போது அழிப்பாய் என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். கோயில் கமிட்டியிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம். பேட்டி கொடுப்பவர்களுக்கான ஒப்புதல் படிவம் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு இரவு உட்கார்ந்து அழகான தமிழில் ஒரு படிவம் தயாரித்தேன். 'தங்கள் பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானது' என்று ஆரம்பிக்கும். பெயர் வெளியிடலாமா, மறைக்கலாமா என்ற கேள்வியில், பேட்டி எடுக்கவிருந்த 14 பேருக்கும் மறைப்பது என்று நானே முடிவு செய்து டிக் அடித்தேன். அதுதான் பாதுகாப்பு, சீக்கிரம் அனுமதியும் கிடைக்கும் என்றார்கள்.

டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் முதல் பேட்டி. 84 வயது ஆயா ஒருவர். படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த எழுத்து எனக்கு வராது பாப்பா. இங்கிலீசுல இருந்தா குடு" என்றார். என்னிடம் இங்கிலீஷ் பிரதி ஒன்றே ஒன்று இருந்தது.

"உன் தமிழு புக்குத் தமிழு. எங்களுது அடுப்படித் தமிழு. தப்பு இருந்தா சிரிக்காத" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வளர்ந்தவர். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பப்பட்டு, 1960களில் இளம் மருமகளாக சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர். டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடுவே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டதும், "டீ ஆறிப்போச்சே" என்று எழுந்து போனார். நான் திரும்பக் கேட்கவில்லை. கூழைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தவே முடியாது. கேழ்வரகு கிடைக்காத காலத்தில் வெள்ளை மக்காச்சோள மாவில் காய்ச்சியது, முதல் நாளே புளிக்க வைப்பது, வேப்பிலைக்கு யார் வீட்டுக்கு ஓடுவது என்று ஒன்றே கால் மணி நேரம் பேசினார்.

வீட்டுக்கு வந்து எழுத்தாக்கினேன். தமிழாசிரியை கை சும்மா இருக்குமா? "கூழு ஊத்தினா அம்மா குளுந்துடுவா" என்று அவர் சொன்னதை 'கூழ் ஊற்றினால் அம்மன் குளிர்ந்துவிடுவாள்' என்று எழுதினேன். இதில் தப்பு என்ன என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறகு "அமாசிக்குத்தான் கூழு ருசி" என்று ஓர் இடம் வந்தது. அமாவாசையை ஊரில் அமாசி என்று பேச்சில் சொல்வதுதானே. 'அமாவாசை' என்று திருத்தி எழுதினேன். அதோடு விடவில்லை. ஆடி அமாவாசை, முன்னோர் வழிபாடு, ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் பஞ்சாங்கத்தை மறக்காத சமூகம் என்று ஒன்றரைப் பக்கம் பொழிந்து தள்ளினேன். அந்த அத்தியாயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நெறியாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாணவர்களின் ஒலிப்பதிவில் ஒன்றையாவது முழுதும் கேட்பது அவர் வழக்கம். என் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர், நடுவில் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார்.

"இந்த அம்மா அமாசி என்கிறாரே. நீ எழுதிய பக்கத்தில் பால் எங்கே?"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அமாசி என்றால் ஜூலுவில் புளித்த பால். நம் தயிருக்கு ஒன்றுவிட்ட தங்கை. சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். வாரம் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் பால் எடுக்கப் போவேன். ஆயா பஞ்சாங்கமே பேசவில்லை. மோருக்குப் பதில் அமாசி விட்டால் கூழ் ருசியாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவு முழுக்க நெறியாளருக்குத் தெரிந்த ஒரே சொல்லை, நான் தமிழாக்கி அவரிடமே கொடுத்திருக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. "வேறு எங்கெல்லாம் திருத்தினாய்?" என்று மட்டும் கேட்டார். எல்லா இடத்திலும். 14 பதிவையும் மறுபடி கேட்டு, வாயிலிருந்து வந்தபடியே எழுதச் சொன்னார். அவருடைய பாட்டியின் ஜூலுவையும் பள்ளிக்கூடம் இப்படித்தான் திருத்தியதாம்.

அது 2023. தினம் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும் காலம். மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை வேலை. பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டுப் புத்தகம். ஒரு மணி நேரப் பதிவுக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். அப்போதுதான் கவனித்தேன்: 14 பேரில் ஒருவர்கூட அம்மன் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் அம்மாதான். அம்மன் என்ற சொல் நான் கொண்டுவந்து வைத்தது.

ஆயாவிடம் திரும்பப் போய், அமாசி எப்படிக் கூழுக்கு வந்தது என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு ஜூலு அம்மா குடுப்பா. நாங்க கூழு குடுப்போம். இதெல்லாமா எழுதப் போற?" என்றார். ஆடி அமாவாசைப் பகுதியை அடித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதினேன். பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த பாத்திரம், இந்தியாவிலிருந்து வரும் குருக்கள் கொல்லையில் அமாசியைப் பார்த்து முகம் சுளித்தது, அதற்கு ஆயா கொடுத்த பதில். கடைசியில் ஆய்வேடே இதைச் சுற்றித்தான் அமைந்தது.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2024 இறுதியில் சமர்ப்பித்தேன். இரண்டு தேர்வாளர்கள் எழுத்தில் அறிக்கை கொடுத்தார்கள், சிறு திருத்தங்கள் மூன்று பக்கம். முதுகலைக்கு இங்கே நேர்முகத் தேர்வு வைப்பது வழக்கமில்லை. ஊரில் இதை யாரும் நம்பவில்லை. "வைவா இல்லாம எப்படி பாஸ்?" என்று நாத்தனார் இன்னும் கேட்கிறாள்.

அட்டை போட்ட ஒரு பிரதியை ஆயாவுக்குக் கொண்டுபோனேன். பேத்தி பக்கம் புரட்டிக் காட்டினாள். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தேடினார்.

"என் பேரு எங்க?"

பேர் போடக்கூடாது என்பது விதி, உங்கள் பாதுகாப்புக்குத்தான், பங்கேற்பாளர் 1 என்று இருப்பது நீங்கள்தான் என்று விளக்கினேன்.

"இம்மாம் பேசினேன். நம்பரா போட்ட?"

அவருடைய மாமியாரின் மாமியாரைக் கப்பல் பட்டியலில் எண்ணோடு நான் காட்டியது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது. பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் அவர் பெயரைத் தமிழில் எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, "இங்கிலீசுலயும் போடு, எனக்குப் படிக்கத் தெரியணுமில்ல" என்றார். போட்டேன்.