அதே எதிரி, அதே டாங்கி

மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் டாங்கியோடு உட்கார்ந்துவிடுகிறேன். எம்13/40 என்ற இத்தாலிய டாங்கியின் மாடல், அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் உடம்பு முழுக்க ஆணித் தலைகள், ரிவெட்டுகள். தகட்டோடு தகட்டைச் சேர்க்க வெல்டிங் செய்யாமல் ஆணி அடித்து முடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் தூரிகையால் துருநிறம் வைத்துக்கொண்டு வந்தபோது, எதிரியின் குண்டு பட்டால் இந்த ஆணிகளே உடைந்து உள்ளே தெறித்து ஆட்களைத் தாக்கும் என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. உள்ளே நாலு பேர் இருப்பார்கள். அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

இத்தாலிய டாங்கிக்கு முன்னே போக ஒரு கியர், பின்னே போக நாலு கியர் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. போர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் கூடுகிற இடத்தில் யாராவது ஒருவர் அதைக் கட்டாயம் சொல்லுவார். எனக்கு அது பிடிக்காது. பிடிக்கிறதோ இல்லையோ, அது உண்மை இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்ட இத்தாலிய ராணுவத்தின் 132-வது டாங்கி ரெஜிமெண்டின் கதையை ஒருமுறை முழுசாகப் படித்தவர் அந்த ஜோக்கை மறுபடி சொல்ல மாட்டார்.

இந்த ரெஜிமெண்ட் இருந்த டிவிஷனின், அதாவது பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவின், பெயர் ஆரியேத்தே. இத்தாலிய மொழியில் செம்மறிக் கிடா, கோட்டைக் கதவை இடிக்கும் மரத்துக்கும் அதே பெயர். பழந்தமிழில் பொருதகர் என்பார்களே, முட்டுவதற்காகவே நாலடி பின்னே போகும் கிடா, அதுதான். டிவிஷனை 1939-ல் மிலானில் அமைத்தார்கள். 1941 தொடக்கத்தில் லிபியாவுக்குக் கப்பலேறியபோது அதன் கையில் பெரும்பாலும் எல்3 என்ற குட்டி வண்டிகள்தான் இருந்தன. மூன்று டன் எடை, இரண்டு ஆட்கள், இரண்டு இயந்திரத் துப்பாக்கி, அவ்வளவுதான். பீரங்கி கிடையாது. அதை டாங்கி என்று சொல்வதே கஷ்டம். அப்புறம் எம்13 டாங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர, 1941 செப்டம்பரில் பாலைவனத்திலேயே 132-வது ரெஜிமெண்ட் உருவானது. மூன்று பட்டாலியன்: 7, 8, 9.

எம்13 எப்படிப்பட்ட வண்டி என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. சுமார் 14 டன் எடை. அதை இழுக்க 125 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். நல்ல சாலையில் மணிக்கு 32 கிலோமீட்டர் வரை போகும், மணலில் அதில் பாதி போனாலே பெரிய விஷயம். பாலைவனத்தின் பொடிமணல் எஞ்சினுக்குள் போய் அதைத் தின்றுவிடும். முன்பக்கக் கவசம் 30 மி.மீ. அளவில், அதுவும் தரம் குறைந்த எஃகு, அடி பட்டால் விரிசல் விடும். மேலே சுழலும் கூண்டில் இரண்டே பேர். வண்டியின் தலைவனே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், சுற்றுமுற்றும் பார்த்து வண்டியை நடத்தவும் வேண்டும். ஆரம்பத்தில் பல வண்டிகளில் ரேடியோவும் இல்லை, கொடியை ஆட்டித்தான் பேசிக்கொண்டார்கள். புழுதியில், புகையில், கொடி!

ஆனால் ஒன்று நன்றாக இருந்தது, அதன் 47 மி.மீ. பீரங்கி. அன்றைய பிரிட்டிஷ் டாங்கிகளின் 40 மி.மீ. பீரங்கிக்கு அது இளைத்ததில்லை. அது மட்டுமில்லாமல், கவசத்தைத் துளைக்கும் குண்டையும் சுடும், விழுந்து வெடித்துச் சிதறும் குண்டையும் சுடும். பிரிட்டிஷ் டாங்கியில் இந்த இரண்டாவது வகைக் குண்டு இல்லை. அதாவது எதிரே குழிக்குள் பதுங்கியிருக்கும் பீரங்கிக்காரர்களை ஒழிக்க அவர்களிடம் இயந்திரத் துப்பாக்கி தவிர வழியில்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பீர் எல் குபியில் இது எவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டது என்று பாருங்கள்.

1941 நவம்பர் 19. லிபியத் துறைமுகமான டோப்ருக்கை முற்றுகையிலிருந்து மீட்க பிரிட்டிஷ் எட்டாவது படை பெரிய தாக்குதலைத் தொடங்கிய இரண்டாம் நாள். பீர் எல் குபி என்பது பாலைவனத்தில் ஒட்டகப் பாதைகள் கூடும் ஓர் இடம், ஒரு பழைய நீர்த்தொட்டி, வேறொன்றும் இல்லை. ஜெனரல் மாரியோ பலோட்டாவின் ஆரியேத்தே அங்கே நின்றது. தெற்கிலிருந்து பிரிட்டிஷ் 22-வது கவச பிரிகேட் வந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய யோமன்ரி ரெஜிமெண்டுகள் மூன்று, கையில் 150-க்கும் மேற்பட்ட புத்தம் புதிய குரூசேடர் டாங்கிகள், எம்13-ஐவிட வேகமானவை. குதிரைப்படைப் பாரம்பரியத்தில் வந்தவர்கள் என்பதாலோ என்னவோ, எதிரே இருப்பது இத்தாலியர்தானே என்று நேராகப் பாய்ந்தார்கள்.

முன்வரிசையில் ஆரியேத்தேயின் காலாட்படையான 8-வது பெர்சாலியேரி ரெஜிமெண்ட் குழிகளுக்குள் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளோடு காத்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் லாரிகளின் மேல் ஏற்றிவைத்த 102 மி.மீ. கடற்படைப் பீரங்கிகள். பாய்ந்து வந்த குரூசேடர்கள் முன்வரிசையின் ஒரு பகுதியைத் தாண்டிக்கூடப் போய்விட்டன. ஆனால் கூடவே காலாட்படை இல்லை, பீரங்கிப் படையும் போதவில்லை, குழிக்குள் இருப்பவர்களை ஒழிக்க வெடிகுண்டும் இல்லை. பின்னால் விலகி நின்ற 132-வது ரெஜிமெண்டின் எம்13-கள் அப்போதுதான் முட்ட வந்தன. சாயங்காலம் வரை சண்டை. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 40 டாங்கிகள் போயின, இத்தாலியத் தரப்பில் 34. அன்று களத்தில் நின்றது ஆரியேத்தே. திரும்பிப் போனது 22-வது பிரிகேட். இந்த 22 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அடுத்த மே மாதம், டோப்ருக்குக்கு மேற்கே கசாலா. ஜெர்மன், இத்தாலியப் படைகளை நடத்திய ஜெர்மன் தளபதி ரோம்மெல் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் படைகளைத் தெற்கே சுற்றி அழைத்துப் போனார், ஆரியேத்தேயும் அதில் ஒன்று. 1942 மே 27 காலையில் அது மோதியது நம் இந்தியப் படையோடு: 3-வது இந்திய மோட்டார் பிரிகேட், பழைய வட இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டுகள் மூன்று சேர்ந்தது. பிரெஞ்சுப் படை காத்துநின்ற பீர் ஹக்கீம் என்ற பாலைவனக் கோட்டைக்குத் தென்கிழக்கே அந்த இடத்துக்கு வந்து அவர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை, டாங்கியே கிடையாது, சில பத்து சின்னப் பீரங்கிகள்தான். அதன் தளபதி பிரிகேடியர் ஃபிலோஸ், எதிரே ஒரு முழு ஜெர்மன் கவச டிவிஷனே நிற்கிறது என்று மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். நின்றது இத்தாலியர்கள். அந்தக் காலையில் யாருக்கும் அது ஜோக்காகத் தெரியவில்லை. இந்திய பிரிகேட் கடுமையாகச் சண்டையிட்டு இருபதுக்கும் மேற்பட்ட டாங்கிகளை அடித்தது, கடைசியில் நசுங்கிப் போனது. சுமார் ஆயிரம் பேர் கைதிகள்.

அந்தக் கைதிகளில் ஒரு கிழவரும் இருந்தார். அட்மிரல் சர் வால்டர் கோவன். பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து 1931-லேயே ஓய்வு பெற்றவர், போர் வந்ததும் வீட்டில் உட்கார மனமில்லாமல் பதவியைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்து, எப்படியோ இந்திய 18-வது குதிரைப்படையோடு ஒட்டிக்கொண்டவர். எழுபது வயது. ஒரு இத்தாலிய டாங்கியின் ஆட்களோடு கைத்துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக மோதியிருக்கிறார்! அடுத்த வருஷம் விடுதலையாகி வந்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை, மறுபடி கமாண்டோக்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

மே 30 வாக்கில், தண்ணீர் கொடுத்து வைத்துக்கொள்ள வழியில்லாமல் பாலைவனத்தில் விட்டுவிடப்பட்ட இந்தியக் கைதிகள் சுமார் 600 பேர் நடந்தே பீர் ஹக்கீம் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். முற்றுகையில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கே தண்ணீர் அளந்துதான். அந்த நிலையிலும் பங்கு போட்டார்கள். இந்தப் போரைப் பற்றி எவ்வளவு படித்தாலும் என் மனசு டாங்கிகளை விட்டுவிட்டு அந்த 600 பேரிடம்தான் போய் நிற்கும்.

பீர் ஹக்கீமில் 132-வது ரெஜிமெண்டுக்கு விழுந்த அடி வேறு. இந்திய பிரிகேடை முடித்த கையோடு, அதே மே 27 காலையில், லெப்டினன்ட் கர்னல் பிரெஸ்டிசிமோனேயின் 9-வது பட்டாலியன் அந்தக் கோட்டையை நேரே தாக்கியது. துணைக்குக் காலாட்படை வரவில்லை. உள்ளே ஜெனரல் கூனிக்கின் சுதந்திர பிரெஞ்சுப் படை (பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்த பிறகும் சண்டையைத் தொடர்ந்தவர்கள்), சுற்றிலும் கண்ணிவெடி வயல், முதல் உலகப்போர்க் காலத்து 75 மி.மீ. பீரங்கிகள். ஒரு மணி நேரத்துக்குள் 30-க்கும் மேல் டாங்கிகள் போய்விட்டன. சில வண்டிகள் கண்ணிவெடியைக் கடந்து உள்ளேயே புகுந்து, அங்கே மிக அருகிலிருந்து சுடப்பட்டு எரிந்தன. பிரெஸ்டிசிமோனே ஒரு வண்டி அடிபட்டதும் இன்னொன்றில் ஏறி, அதுவும் அடிபட்டதும் மூன்றாவதில் ஏறி, கடைசியில் பிடிபட்டார். பீர் எல் குபியில் பிரிட்டிஷார் செய்த அதே தவறு: காலாட்படை இல்லாமல், பீரங்கித் துணை இல்லாமல், டாங்கியை மட்டும் நம்பிப் பாய்ந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தத் தவறை எதிர்வரிசையிலிருந்து பார்த்தவர்களே அதைத் திருப்பிச் செய்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

சரி, எகிப்தில் இருக்கும் எல் அலமைனுக்கு வருவோம். 1942 நவம்பர் 4. பத்து நாளுக்கு மேலாக நடந்த சண்டையில் ஜெர்மன், இத்தாலிய முன்வரிசை உடைந்துவிட்டது. ரோம்மெலின் படைகள் மேற்கே நகர, தெற்குப் பக்கத்தில் ஆரியேத்தே நின்றது. எதிரே வந்தது யார் தெரியுமா? அதே 22-வது கவச பிரிகேட். பீர் எல் குபியில் இவர்களோடு மோதிய யோமன்ரி ரெஜிமெண்டுகளில் ஒன்று, 4-வது கவுன்டி ஆஃப் லண்டன் யோமன்ரி, இங்கேயும் இருந்தது. ஆனால் இப்போது அவர்களிடம் அமெரிக்காவில் செய்த கிராண்ட் டாங்கிகள், 75 மி.மீ. பீரங்கி, விழுந்து வெடிக்கும் குண்டும் உண்டு. தூரத்திலேயே நின்று அடிக்கலாம்.

இத்தாலியர்களிடம்? எம்13-ம், அதிலேயே எஞ்சினைக் கொஞ்சம் பெரிதாக்கி மணலுக்காகக் காற்று வடிகட்டியை மாற்றிய எம்14-ம். அதே 47 மி.மீ., அதே ஆணிகள். இந்த ஒரு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த உருப்படியான ஒரே ஆயுதம், அதே அடிச்சட்டத்தில் 75 மி.மீ. பீரங்கி பொருத்திய செமோவென்தே என்ற வண்டி, அதுவும் எண்ணிக்கையில் சொற்பம். கவசத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகளையும் உதிரிச் சங்கிலிக் கண்ணிகளையும் முன்னே கட்டிக்கொண்டார்கள். அந்தப் பாரத்தில் எஞ்சின் இன்னும் திணறியது. தைரியம் குறைந்ததாலா தோற்றார்கள்? எதிரி ஒரு வருஷத்தில் டாங்கியை மாற்றிக்கொண்டான், இவர்களுக்கு மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை. போர் வேண்டும் என்று முழங்கிய முசோலினியின் அரசு, தன் பிள்ளைகளை எதில் உட்காரவைத்து அனுப்புகிறோம் என்று யோசிக்கவில்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் ஆரியேத்தேயிடமிருந்து ரேடியோவில் வந்த கடைசிச் செய்தியின் சாரம் இது: எதிரி டாங்கிகள் தெற்கே உடைத்துக்கொண்டு புகுந்துவிட்டன, நாங்கள் சுற்றிவளைக்கப்பட்டோம், பீர் எல் அப்துக்கு வடமேற்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறோம், ஆரியேத்தேயின் டாங்கிகள் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றன. அப்புறம் சத்தம் இல்லை. அன்று ஆரியேத்தே அழிந்தது, ரெஜிமெண்டும் அதோடு போயிற்று. இவ்வளவு மோசமான ஆயுதங்களோடு செய்ய முடிந்ததைவிட அதிகமாகவே அவர்களிடம் நாங்கள் எப்போதும் கேட்டுவந்தோம் என்று ரோம்மெல் பிற்பாடு தன் குறிப்பில் எழுதினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் நின்று சண்டையிட்ட மண் அவர்களுடையது இல்லை. 1911-ல் ஆக்கிரமித்த லிபியாவில் இத்தாலிய அரசு முள்வேலி முகாம்களில் மக்களை அடைத்துச் சாகவிட்டது. எதிர்த்து நின்ற ஒமர் அல் முக்தாரை 1931-ல் தூக்கிலிட்டது. டாங்கிக்குள் இருந்த பையன்களின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை, அவர்களை அங்கே அனுப்பிய அரசுக்கு ஒரு துளியும் போய்ச் சேராது.

போருக்குப் பிறகு ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். வடகிழக்கு மூலையில், யூகோஸ்லாவிய எல்லைப் பக்கம் பார்த்து, ஃப்ரியூலி பகுதியில் அவியானோவில் வைத்தார்கள். அமெரிக்க எம்47 டாங்கி, அப்புறம் எம்60, அப்புறம் ஜெர்மன் லெப்பர்ட். வரும் என்று நாற்பது வருஷம் காத்திருந்த போர் வரவில்லை. 1975-ல் ராணுவச் சீரமைப்பில் ரெஜிமெண்ட் என்ற அடுக்கையே எடுத்துவிட்டு பட்டாலியன்களைத் தனித்தனியாக்கினார்கள், 1992-ல் 132 என்ற எண் திரும்பி வந்தது. இப்போது அது அதே பகுதியில் கோர்தெனோன்ஸ் என்ற ஊரில் இருக்கிறது, வட ஆப்பிரிக்காவுக்காகக் கிடைத்த வீரத் தங்கப் பதக்கம் அதன் கொடியில். அதன் டாங்கியின் பெயரும் ஆரியேத்தே: 54 டன், 120 மி.மீ. பீரங்கி, இத்தாலியிலேயே செய்தது, மொத்தம் 200 கட்டினார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் வெல்டிங்.

என் மாடலுக்குத் திரும்புகிறேன். எந்த நாளுக்கு இதை முடிப்பது என்று ரொம்ப நாளாக முடிவு செய்ய முடியவில்லை. அலமைன் என்றால் முன்னால் மணல் மூட்டைகள் செய்து அடுக்க வேண்டும், அதற்காகக் களிமண்கூட வாங்கி வைத்திருந்தேன். நேற்று அந்தக் களிமண்ணை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பீர் எல் குபிதான். கூண்டின் மேல் விமானத்துக்கு அடையாளம் காட்டும் வெள்ளை வட்டம் போட்டாயிற்று, பக்கவாட்டில் முதல் கம்பெனியின் சிவப்புக் கட்டம் இன்னும் காயவில்லை.