பொர்ரா குகையில் ஒரு சொட்டு

ஆந்திராவில் பொர்ரா குகைக்குப் போக பொர்ரா குகாலு ஸ்டேஷனில் இறங்கியதுமே ஒரு ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டார். ரொம்ப தூரம், மேடு, நடக்க முடியாது என்றார். நம்பி ஏறினோம். ஐந்தே நிமிடத்தில் குகை வாசல்! எங்கள் நால்வரின் காலை டிபன் காசு அது. சுமார் ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போங்கள். விசாகப்பட்டினத்திலிருந்து வர கிரந்துல் பாசஞ்சர் ரயிலே மலிவு.

ஆனால் உள்ளே போனதும் அந்தக் கோபம் போய்விட்டது. கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் கற்கள் தொங்குகின்றன. ஒரு விழுதின் நுனியில் ஒரு சொட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் நின்றுவிட்டேன்.

மலையில் பெய்யும் மழை மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாக அமிலமாகிறது. பிறகு சுண்ணாம்புப் பாறையை அரித்துக் கரைத்தபடி குகைக் கூரைக்கு வருகிறது. குகைக் காற்றில் அந்த வாயு மண்ணில் இருந்ததைவிடக் குறைவு. அதனால் சொட்டு காற்றைத் தொட்டதும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல, வாயு வெளியேறுகிறது. அது போனபின் அவ்வளவு சுண்ணாம்பையும் தண்ணீரால் தாங்க முடியாது. சொட்டு விழும் முன் மெல்லிய வளையமாகக் கல் படிகிறது. தண்ணீர் வற்றித்தான் படிகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முக்கியக் காரணம் இந்த வாயுதான்.

சுண்ணாம்புக் குகைகளில் விழுது ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வளர்ந்தாலே சாதாரணம். விரல் நீளத்துக்கு வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள்! கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாக ஒட்டாது. தயவுசெய்து தொடாதீர்கள். கூட்டத்தின் மூச்சே குகைக் காற்றில் கரியமில வாயுவை ஏற்றிவிடும், அப்புறம் படிவது மந்தமாகும். கலர் விளக்குகளும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் பாசி பிடிக்கும்.

வெளியே மூங்கில் கோழி. எண்ணெய் இல்லை, மசாலா தடவிய கறியை மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுடுகிறார்கள். குழாயைப் பிளந்ததும் வந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம், ஆனாலும் இரண்டாவது குழாய் வாங்கினோம்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு நடந்தே திரும்பினோம்.